கிட்ஹப் சோதனைக் குறிகள்: ஒரு விமர்சனம்

கிட்ஹப் தளத்தில் நிரல் மாற்றத்தை இணைக்கக் கோரினால், தானியங்கிச் சோதனைகளின் முடிவுகள் அக்கோரிக்கையின் கீழே பச்சை, சிவப்புக் குறிகளாகப் பதிவாகும். 2012இல் இவ்வசதி வந்தபோது கடைசியாக வந்த முடிவே நின்றது. லினக்ஸில் தோற்றதை, பின்னால் வந்த விண்டோஸ் வெற்றி மறைத்துவிடும். 2014இல் சோதனைக்கொரு பெயர் கொடுத்து முடிவுகளைத் தனித்தனியே வைத்தார்கள். ஒன்று தோற்றாலும் மொத்தமும் தோல்வி. நல்ல ஏற்பாடு.

ஆனால் கிட்ஹப் ஆக்சன்ஸில், நிபந்தனை பொருந்தாமல் தவிர்க்கப்பட்ட பணி வெற்றிக் கணக்கில் சேர்கிறது. அது கட்டாயச் சோதனையாக இருந்தாலும் இணைப்புக்குத் தடையில்லை. பல ஆண்டுகள் மதிப்பெண் பதிவேடு எழுதியவன் நான். தேர்வுக்கே வராத பிள்ளைக்குத் தேர்ச்சி போட்டதில்லை. இங்கோ மேலே ‘எல்லாம் தேறின’ என்ற வரி பெரிதாக நிற்கிறது. ஓடாத பணிக்குப் பட்டியலில் ஒரு சிறு சாம்பல் நிறக் குறி.