தொண்டை அடைப்பான் கிருமியும் அதன் வம்சப் பிரிவுகளும்

சிராங்கூன் சாலைக்கு அருகே, மோல்மீன் சாலையிலிருந்த மிடில்டன் தொற்றுநோய் மருத்துவமனைக்குத் தொண்டை அடைப்பான் கண்ட குழந்தைகளைத் தாய்மார் ஏந்திச் சென்ற காலத்தை, 1962இல் தடுப்பூசி கட்டாயமாக்கப்பட்டதன் பயனை அனுபவிக்கும் இன்றைய சிங்கப்பூர்த் தலைமுறை அறியாது. ஆயினும் 1992க்குப் பின் உள்நாட்டில் காணப்படாதிருந்த அந்நோய், 2017இல் இங்கு உழைக்க வந்த அயல்நாட்டு இளைஞர் ஒருவரைப் பலிகொண்டபோது, அக்கிருமியை இனங்காணும் வித்தை நமக்கு இன்னும் அவசியமே என்பது வெளிப்பட்டது.

1884இல் லோஃப்லர் இக்கிருமியைத் தனியே வளர்த்துக் காட்டிய பின் தோன்றிய வகைப்பாட்டு முறைகளுள், 1931இல் லீட்ஸ் நகர ஆய்வாளர்கள் வகுத்ததே கண்ணுக்கு இனியது. டெல்லூரைட் உப்பும் இரத்தமும் கலந்த அகார் தட்டில் தொண்டைச் சளியைத் தடவி, 37 டிகிரி வெப்பத்தில் ஓரிரு நாள் வைத்தால், கிருமிகள் கருமை படர்ந்த திரள்களாக எழும்பும்: சாம்பல் பூத்து, ஓரம் பிளவுபட்டு, நடுவிலிருந்து கோடுகள் விரிய, சிறு சாமந்திபோல் தோன்றுவது கிராவிஸ், வழவழப்பாகக் குவிந்து மின்னுவது மிடிஸ், ஊசிமுனையளவில் நின்றுவிடுவது இன்டர்மீடியஸ். மாச்சத்தைப் புளிக்கச் செய்யும் சக்தி கிராவிஸுக்கே உரியது. நோயின் உக்கிரத்தை ஒட்டியே இப்பெயர்களை இட்டார்கள். ஆனால் அந்தப் பொருத்தம் எல்லா நாடுகளிலும் நிலைக்கவில்லை.

உருவத்தைக் காட்டிலும் விஷமே பிரதானம் என்பது என் திடமான அபிப்பிராயம். ஃபேஜ் என்னும் வைரஸ் உட்புகுந்தால் சாதுவான கிருமியும் நஞ்சு சுரக்கும் என்று ஃப்ரீமன் 1951இல் காட்டினார். நஞ்சுக்குரிய மரபணுவே அந்த வைரஸினுடையது என்று பின்வந்தோர் நிறுவினர். ஆகவே ஒரே தோற்றமுள்ள இரு திரள்களில் ஒன்று உயிர்கொல்லியாகவும் மற்றது தீங்கற்றதாகவும் இருக்கக்கூடும். லேசான நோயாளி ஒருவரிடமிருந்து நியூயார்க்கில் ஆனா வில்லியம்ஸ் பிரித்தெடுத்த வம்சமே ஏராளமாக நஞ்சை ஈன்று, தடுப்பூசி தயாரிப்புக்கு ஆதாரமாயிற்று என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். நஞ்சு சுரக்கிறதா என்று கண்டறியும் எலெக் சோதனையில், எதிர்நஞ்சில் தோய்த்த காகிதக் கீற்றுக்குக் குறுக்கே கிருமியைக் கீறி வளர்க்க, நஞ்சும் எதிர்நஞ்சும் சந்திக்குமிடத்தில் மெல்லிய வெண்கோடு ஒன்று படியும், அக்கோடே தீர்ப்பு.

ஏழு மரபணுக்களை ஒப்பிட்டு வம்சத்துக்கு எண்ணிடும் தற்கால முறை, பல தேசத்தார் கூடும் இத்துறைமுக நகருக்குப் பெரிதும் உகந்தது. இரு நோயாளிகளின் கிருமி ஒரே வழியில் வந்ததா என்பதை அது உணர்த்தும். எனினும் மருத்துவர் இவற்றில் எதற்கும் காத்திராமல், சந்தேகம் எழுந்ததுமே எதிர்நஞ்சைச் செலுத்திவிடுகிறார். ஏனெனில், உயிரணுவுக்குள் புகுந்துவிட்ட நஞ்சை அம்மருந்தால் முறிக்க இயலாது.