பொன் விகிதமும் கலைஞன் கண்ணும்

ஒரு கோட்டை இரு கூறாக்குமிடத்து, முழுமைக்கும் பெருங்கூற்றுக்கும் உள்ள விகிதமே பெருங்கூற்றுக்கும் சிறுகூற்றுக்கும் அமையுமாயின், அதனைப் பொன் விகிதம் என்பர். அதன் அளவு ஏறக்குறைய 1.618. யூக்கிளிட்டு தமது கேத்திரகணித நூலின் ஆறாம் பாகத்தில் இப்பிரிவினை வரையறுத்தார். ஆயின், அழகைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் கூறினாரல்லர். 1509 இல் வெனிசு நகரில் அச்சேறிய பாச்சியோலி என்னும் துறவியின் நூலே இதனைத் தெய்விக விகிதம் எனப் போற்றிற்று. அந்நூலுக்குத் திண்ம உருவங்களை வரைந்து உதவியவர் லியனார்டோ டா வின்சி. இவ்வொரு தொடர்பையே பற்றுக்கோடாகக் கொண்டு, அவர் தீட்டியன யாவும் இவ்விகிதத்தில் எழுந்தன எனத் துணிந்துரைப்பார் பலர்.

மிலான் நகரிலுள்ள 'இறுதி இராவுணவு' ஓவியத்தை நோக்குவோம். அகலம் ஏறக்குறைய 880 சதமமீற்றர், உயரம் 460. விகிதம் 1.9 ஆகின்றது. சுவர்களின் கோடுகளும் கூரையின் கோடுகளும் இயேசுவின் தலையருகே வந்து கூடுகின்றன. அவ்விடமோ ஓவியத்தின் நடு. பொன் விகிதத்தை இங்கே தேடுவோர், லியனார்டோ உண்மையில் செய்ததைக் காணத் தவறுகின்றனர். சல்வடோர் டாலி 1955 இல் முடித்த இராவுணவு ஓவியத்தின் கதை வேறு. அவர் விகிதத்தை அறிந்தே கையாண்டார். பன்னிரு ஐங்கோண முகங்களையுடைய திண்மத்தையும் பின்னணியில் நிறுத்தினார். எனினும், அவ்வோவியம் லியனார்டோவினதிலும் சிறந்தது என்பாரை யான் கண்டிலேன்.

புகைப்படக் கலைக்கு வருவோம். ஹென்றி கார்ட்டியே பிறெசோன் இளமையில் ஆந்திரே லோத் என்னும் ஓவியரிடம் பயின்றவர். கேத்திரகணித ஒழுங்கில் பெரும் பற்றுடையவர். 1932 இல் பிரான்சின் இயேர் நகரில் அவர் எடுத்த படத்திலே, மேலிருந்து காணப்படும் படிக்கட்டு சுருண்டு இறங்குகின்றது. இடப்புறத்தே சைக்கிளோட்டி ஒருவன் உருக்கலங்க விரைகின்றான். இதன்மேற் பொற்சுருளை வரைந்து காட்டுவோர் இன்று பலர். அவர்க்கு ஒரு வினா: லைக்காக் கமராவின் படச்சுருளில் ஒரு படம் 36 மில்லிமீற்றர் அகலமும் 24 மில்லிமீற்றர் உயரமும் உடையது. விகிதம் 1.5. பொற்செவ்வகமாக்க வேண்டின் உயரத்தை 22.25 ஆகக் குறைத்தல் வேண்டும். எடுத்த படத்தைப் பின்னர் வெட்டித் திருத்துதலை வெறுத்த கலைஞர் மீதா இக்கத்தரிக்கோல்?

இன்னுமொன்று. 36 சதமமீற்றர் அகலமான பிரதியொன்றில் மூன்றிலொரு பங்குக் கோடு 12 இல் விழும். பொன் விகிதக் கோடு 13.75 இல் விழும். இடைவெளி 1.75. படத்திலுள்ள ஓர் ஆளின் உருவம் பெரும்பாலும் இதனினும் அகலமுடையது. ஆகவே ஒரே உருவம் இரு விதிகளுக்கும் சான்றாகிவிடுகின்றது! எதையும் விலக்காத விதி எதையும் விளக்குவதில்லை.

பயில்வோனுக்கு இவ்விதியாற் பயனில்லை என்பது என் கருத்தன்று. எல்லாவற்றையும் நடுவில் நிறுத்தும் பழக்கத்தினின்று அது அவனை விடுவிக்கும். ஆயின், அந்தச் சைக்கிளோட்டி அவ்விடத்தைக் கடக்க எடுத்த கணம் மிகச் சிறிது. அக்கணத்தில் அளப்பதற்கு நேரமில்லை. பயின்ற கண்ணே முடிவு செய்தது. பிறெசோன் 1952 இல் வெளியிட்ட நூலின் முன்னுரையில், பொன் விகிதக் கோடுகளைக் கமராக் கண்ணாடியிற் பொறித்து விற்கும் நாள் வாராதிருக்க வேண்டுமென விரும்பினார். இன்று கைப்பேசிக் கமராக்களிலே கட்டக் கோடுகள் எளிதில் தோன்றுகின்றன. அவையும் பெரும்பாலும் மூன்றிலொரு பங்குக் கோடுகளே.