குன்றுக்குக் கீழே ஒரு பாதை

பெந்தோட்டை லுணுகங்காவில் ஒரு நடன ஆற்றுகை பார்த்தேன். கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா 1948இல் வாங்கி, 2003இல் மறையும்வரை பார்த்துப் பார்த்து அமைத்த தோட்டம் அது. அவருடைய தந்தைவழிப் பாட்டனார் ஒரு முஸ்லிம் என்பது நம்மில் பலருக்கு நினைவில்லை.

சிலைகளுக்குப் பக்கத்தில் ஆடுவோரும் சிலையாக நின்ற பகுதி என்னைத் தொடவில்லை. வந்தவர்கள் படம் எடுத்தார்கள், அவ்வளவுதான். அதை எந்த மண்டபத்திலும் செய்யலாம்.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, கறுவாக் குன்றில் ஆட்டம் வேறு. வீட்டிலிருந்து பார்த்தால் புல்வெளி தடையில்லாமல் குன்றுக்கு ஏறும். அப்பால் வாவியும் விகாரைத் தூபியும் தெரியும். அந்தக் காட்சிக்காகவே பாவா குன்றின் உச்சியைத் தாழ்த்தினார். இடையில் ஊர்ப்பாதை ஒன்று பள்ளத்தில் போகிறது. வீட்டிலிருப்பவர் கண்ணில் படாது. ஆடிய பெண் அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் வந்து நின்றார். கீழே ஒரு சைக்கிள் மணி. கையைத் தாழ்த்தி, அந்தச் சத்தம் தேயும்வரை பாதையையே பார்த்திருந்தார். நாங்களும் அப்போதுதான் அதைப் பார்த்தோம். அந்த அசைவை வேறெங்கும் ஆட முடியாது.

சிலை, ஆட்டம் என்றால் எங்கட ஆக்கள் முகம் சுளிப்பார்கள். அந்த விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஓர் அழகான காட்சிக்காக யாருடைய நடமாட்டம் கண்ணுக்கு மறைக்கப்பட்டது என்று கேட்கவைக்கும் கலை, நமக்கும் வேண்டிய கலைதான்.