கரிசலின் மூன்று பழங்காலங்கள்: பிடித்த புத்தகங்களும் காத்திருக்கும் புத்தகங்களும்

டிசம்பர் பிறந்துவிட்டால் போதும், "இந்த வருஷம் என்ன வாங்கலாம், ஒரு லிஸ்ட் போடுங்க சார்" என்று வாட்ஸப்பில் செய்தி வர ஆரம்பித்துவிடும். தமிழில் புதுப் புத்தகம் என்றாலே ஜனவரிதான். 1977-ல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டித்தான் இன்றும் பெரும்பாலான அட்டைகள் வெளியே தெரிகின்றன. இப்போது மாவட்டத்துக்கு மாவட்டம் புத்தகத் திருவிழா வந்துவிட்டது, நம்ம தென்காசி மாவட்டம் உட்பட. ஆனாலும் அடுத்த ஆறு மாதத்தில் என்ன வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லும் வழக்கம் நம் பதிப்பகங்களிடம் குறைவு. மென்பொருள் கம்பெனியில் அடுத்த வெளியீட்டில் என்னென்ன இருக்கும் என்று ஒரு பட்டியல் ஒட்டி வைத்திருப்பார்கள். புத்தக உலகத்தில் அப்படி ஒன்று இல்லாததால், வரவேண்டியதை நாமே சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

எனவே இந்தப் பதிவு இரண்டு பகுதி. முதலில் எனக்குப் பிடித்தவை, அவற்றில் எனக்கு உள்ள சண்டையோடு சேர்த்து. பிறகு நான் காத்திருப்பவை. எல்லையும் போட்டுக்கொள்கிறேன்: சங்கரன்கோவிலைச் சுற்றி ஒரு மணி, ஒன்றரை மணி நேர பஸ் தூரம், அவ்வளவுதான். அதுவே தாராளம். இங்கிருந்து கோவில்பட்டி பஸ்ஸில் ஏறினால் பாதி வழியில் கழுகுமலை. கோவில்பட்டியைத் தாண்டி நெல்லை ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் இடைசெவல். இந்த வட்டாரத்திலிருந்து கு. அழகிரிசாமி (1970), கி. ராஜநாராயணன் (1991), பூமணி (2014), சோ. தர்மன் (2019) என நாலு பேர் சாகித்திய அகாதெமி விருது வாங்கியிருக்கிறார்கள். மழை குறைந்த மண்ணுக்கு இது மோசமான மகசூல் இல்லை.

இவர்களில் மூன்று பேர் கரிசலின் பழங்காலத்தை நாவலாக எழுதியிருக்கிறார்கள். மூன்று பேரும் ஒரே மண்ணைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் மூன்று வேறு வேறு பழங்காலம் கிடைக்கிறது. என் கேள்வி அதில்தான் ஆரம்பிக்கிறது.

1. கோபல்ல கிராமம் (1976)

கி.ரா.வை முதன்முதலில் படிக்கிறவர்களுக்கு நான் கொடுப்பது இதைத்தான். தண்ணீர் குடிக்க இறங்கிய ஒரு கர்ப்பிணிப் பெண்ணை நகைக்காக ஒருத்தன் தண்ணீருக்குள் அமுக்கிக் கொல்கிறான். சாகும்போதும் அவன் கால் விரலைக் கடித்த கடியை அவள் விடவில்லை. அந்த ஒரு காட்சியிலேயே கதை நம் கழுத்தைப் பிடித்துவிடும். அப்புறம் 137 வயசு மங்கத்தாயாரு அம்மாள், தெலுங்கு தேசத்திலிருந்து குலம் தப்பி ஓடிவந்த கதையைச் சொல்ல ஆரம்பிக்கிறாள். காட்டைக் கொளுத்தி, நிலத்தைத் திருத்தி, ஊர் உண்டாக்குகிறார்கள்.

சொல்லும் விதத்தில் இதை அடிக்க ஆள் இல்லை. வாய்மொழியை அப்படியே அச்சுக்குக் கொண்டுவந்து, அது செத்துப்போகாமல் பார்த்துக்கொண்டதுதான் கி.ரா.வின் சாதனை. ஆனால் மறுவாசிப்பில் ஒரு கேள்வி வருகிறது. அந்தக் காட்டில் இவர்கள் வருவதற்கு முன்னால் யார் இருந்தார்கள்? விறகு வெட்டிக்கொண்டோ, மாடு மேய்த்துக்கொண்டோ, சும்மா கடந்து போய்க்கொண்டோ யாராவது இருந்திருப்பார்கள் அல்லவா? நாவலில் காடு காலியாக இருக்கிறது. வந்தேறிய எல்லாச் சமூகங்களின் ஆதிக்கதையிலும் காடு காலியாகத்தான் இருக்கும், அது கதை சொல்கிறவர்களின் வசதி. பூட்டி சொல்வது அவள் குடும்பத்தின் நினைவு. நினைவு என்ற அளவில் அதில் பொய் இல்லை. அதையே வட்டாரத்தின் வரலாறு என்று நாம் எடுத்துக்கொண்டால்தான் தவறு. மேடைகளில் கோபல்லத்தை "கரிசலின் வரலாறு" என்று சொல்லிக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெருடுகிறது.

2. அஞ்ஞாடி (2012)

ஆயிரம் பக்கத்துக்கு மேல். தூக்கிப் படித்தால் மணிக்கட்டு வலிக்கும், மேஜையில் வைத்துத்தான் படிக்க வேண்டும். க்ரியா வெளியீடு. கலிங்கல் என்கிற ஊர். கண்மாயின் உபரித் தண்ணீர் வெளியேறும் இடத்துக்குத்தான் கலிங்கல் என்று பேர், ஊர்ப் பெயரிலேயே தண்ணீர்ப் பிரச்சினையை வைத்துவிட்டார் பூமணி. அந்த ஊரில் ஆண்டி, மாரி என்று இரண்டு பயல்கள். ஒருவன் விவசாயக் கூலிக் குடும்பம், இன்னொருவன் வெளுக்கிற குடும்பம். இந்த இருவரின் சிநேகிதத்தோடு தொடங்கி, பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க நாவல் நடந்து போகிறது. பனையேறிகள், வியாபாரிகள், ஜமீன், பஞ்சம், மதமாற்றம் எல்லாம் வருகிறது. 1895 கழுகுமலைக் கலவரமும் 1899 சிவகாசிக் கலவரமும் வருகின்றன.

கோபல்லத்தில் யாரெல்லாம் ஓரத்தில் இருந்தார்களோ, அவர்கள் இங்கே நடுவில் உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் பாதியில் ஆண்டியும் மாரியும் பேசிக்கொள்கிற பேச்சு இருக்கிறதே, அதற்கு இணையாக நம் நாவல்களில் எனக்கு வேறு ஒன்று தோன்றவில்லை. பசியைப் பற்றிப் பேசிக்கொண்டே சிரிக்கிறார்கள். சிரிப்பு பசியை மறைக்கவில்லை, பசி சிரிப்பைக் கொல்லவும் இல்லை.

இனிமேல்தான் சண்டை. பின்பாதியில் ஆவணங்கள் கதையின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. வழக்கு, மனு, தீர்ப்பு, தேதி. எனக்குத் தொழிலில் தினமும் லாக் ஃபைல் படித்துப் பழக்கம். எத்தனை மணிக்கு எது விழுந்தது என்று அது துல்லியமாகச் சொல்லும், ஏன் விழுந்தது என்று ஒருநாளும் சொல்லாது. அஞ்ஞாடியின் கடைசிப் பகுதியில் பூமணி லாக் ஃபைலை அளவுக்கு மேல் நம்பிவிட்டார். ஆண்டியும் மாரியும் இருந்திருந்தால் அந்தக் கலவரத்தைப் பற்றி என்ன பேசியிருப்பார்கள் என்று தெரிந்துகொள்ள மனசு தவிக்கிறது. அந்தக் குரல் அங்கே இல்லை.

இருந்தாலும் இந்தக் குறையோடுதான் அஞ்ஞாடி என் பட்டியலில் முதலிடம். தேர் வீதியில் யார் ஊர்வலம் போகலாம், யார் போகக் கூடாது என்பதற்காகக் கழுகுமலையில் உயிர்கள் போயின. அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு நாம் தினமும் பஸ்ஸில் போகிறோம், வெட்டுவான் கோவிலைப் பார்க்க வெளியூர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு போகிறோம். ஆங்கிலத்தில் ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969-லேயே நாடார்களைப் பற்றிய தன் ஆய்வு நூலில் இந்தக் கலவரங்களை எழுதிவிட்டார். ஆனால் ஆய்வு நூலை ஊர் படிக்காது. ஒரு நாவலாவது தமிழில் அதைச் சொல்லி வைத்திருப்பது சாதாரணக் காரியம் இல்லை. அதுவும் எந்தச் சாதியையும் தூக்கிப் பிடிக்காமல், எந்தச் சாதியையும் வில்லனாக்காமல்.

3. சூல் (2016)

சோ. தர்மனின் உருளைக்குடிக் கண்மாய்தான் கதாநாயகன். மழைக்கு முன்னால் ஊரே சேர்ந்து மராமத்து பார்க்கிறது, நீர்ப்பாய்ச்சி மடையைக் காக்கிறார், கரையில் மரம், மரத்தில் பறவை, தண்ணீரில் மீன். அப்புறம் சுதந்திரம் வருகிறது, கண்மாய் அரசாங்கச் சொத்தாகிறது, ஊர் கையைக் கழுவிவிடுகிறது. கண்மாய் சாகிறது. தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய் என்று 39 ஆயிரத்துக்கும் மேல் கணக்கில் இருக்கின்றன. அவற்றில் ஏதாவது ஒன்றின் கரையில் வளர்ந்தவர்களுக்கு இந்த நாவல் தொண்டையை அடைக்கும். கண்மாய் பற்றிய விவரங்களுக்காக மட்டுமே கூட இரண்டு தடவை படிக்கலாம்.

ஆனால் சூலின் பழங்காலம் ரொம்ப அழகாக இருக்கிறது. அந்த அழகுதான் எனக்குச் சந்தேகம் தருகிறது. ராஜா நல்லவர், ஊர் ஒற்றுமை, தண்ணீர் எல்லோருக்கும். உண்மையில் தண்ணீர் எல்லோருக்குமா இருந்தது? இதற்குப் பதிலை வெளியே போய்த் தேட வேண்டாம். பூமணியின் 'பிறகு' (1979) நாவலை எடுத்துப் பாருங்கள். அதில் அழகிரி தோல் வேலை செய்கிறவன். கமலைக்குத் தோல் தைத்துக் கொடுத்துத்தான் கிணற்றுத் தண்ணீர் மேலே வந்தது அந்தக் காலத்தில். தைத்தவன் அதே கிணற்றில் இறங்கி ஒரு செம்பு மொண்டு குடிக்க முடியாது என்பதும் அந்தக் காலம்தான். தர்மனுக்கே இது தெரியாததல்ல. அவர் எழுதிய 'கூகை' (2005) முழுக்க இந்த வலிதான். பகலில் சின்னப் பறவைகளெல்லாம் கொத்தி விரட்டுகிற பலசாலிப் பறவை கூகை. அந்த ஒற்றை உருவகத்திலேயே ஒடுக்கப்பட்டவனின் பலத்தையும் பயத்தையும் சேர்த்துச் சொன்னவர் அவர். அதே கை சூலில் ஏன் இத்தனை மென்மையாகிவிட்டது? கண்மாய்க்காக அழும்போது கண்மாய்க் கரையில் யார் எங்கே நின்றார்கள் என்பது மறந்துபோகிறது. அழ வேண்டியதுதான். ஆனால் முழுக் கரையையும் பார்த்துக்கொண்டு அழ வேண்டும்.

சூல் பிடித்தவர்கள் அடுத்தபடியாகக் கூகையைப் படிக்க வேண்டும் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான். இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு உருளைக்குடி.

ஆக, கி.ரா.விடம் பழங்காலம் நினைவு, பூமணியிடம் ஆவணம், தர்மனிடம் ஒப்பாரி. மூன்றில் ஒன்றை மட்டும் படித்துவிட்டு "எங்க ஊர் அந்தக் காலத்துல எப்படி இருந்துச்சு தெரியுமா" என்று பேச ஆரம்பிப்பது ஆபத்து. இன்றைக்கு ஆளாளுக்குத் தன் சாதியின் ஆண்ட கதையை யூடியூபில் போட்டுக்கொண்டிருக்கும் காலம். பக்கத்தில் இன்னொரு கதையை வைத்துப் பார்க்கிற பழக்கம் இல்லையென்றால், அடுத்த தலைமுறைக்கு வரலாறு என்று போய்ச் சேரப்போவது அந்த வீடியோதான்.

சுருக்கமாக இன்னும் மூன்று

வெக்கை (1982): 'அசுரன்' படம் 2019-ல் வந்த பிறகு எல்லோருக்கும் பெயர் தெரியும். படத்தை மறந்துவிட்டுப் படியுங்கள். படத்தின் பெரிய ஃபிளாஷ்பேக் நாவலில் இல்லை. கொலை ஆரம்பத்திலேயே முடிந்துவிடுகிறது. மிச்சம் முழுக்க, ஒளிந்து திரியும் அப்பனும் மகனும் பொங்கிச் சாப்பிடுவதும் பேசிக்கொள்வதும்தான். கொலையில் தொடங்கும் ஒரு புத்தகம் இவ்வளவு பாசமாக இருக்க முடியுமா என்று ஆச்சரியமாக இருக்கும்.

கு. அழகிரிசாமி சிறுகதைகள்: ஒன்றே ஒன்று படிக்க நேரம் இருந்தால் 'ராஜா வந்திருக்கிறார்'. இல்லாத வீட்டுக்குள் இன்னும் இல்லாத ஒரு குழந்தை வந்து சேர்கிற கதை. ஒரு சொட்டுக் கண்ணீரையும் ஆசிரியர் பிழிந்து எடுக்கவில்லை, அது தானாக வருகிறது.

கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி (1982): கி.ரா. தொகுத்தது. அகராதியை யாராவது சும்மா உட்கார்ந்து படிப்பார்களா என்று கேட்காதீர்கள். 'சம்சாரி' என்றால் மற்ற ஊர்களில் குடும்பஸ்தன், இங்கே விவசாயி. குடும்பமும் வெள்ளாமையும் ஒரே சொல்லாகிப் போன ஊர் இது. இப்படி ஒரு சொல் கிடைத்தால் ஒரு சாயங்காலம் ஓடிவிடும்.

காத்திருப்பவை

ஒன்று. அஞ்ஞாடிக்கு ஒரு குறிப்புரைப் பதிப்பு. ஊர்களின் வரைபடம், குடும்ப மரம், சொல்லடைவு, எந்தச் சம்பவம் ஆவணத்தில் உள்ளது, எது கற்பனை என்ற பின்னிணைப்பு. நூறு பக்கம் கூடினாலும் பரவாயில்லை, ஆயிரத்தைத் தாண்டியவர்களுக்கு நூறு பெரிய விஷயமா?

இரண்டு. வட்டார அகராதிகளின் கூட்டுப் பதிப்பு. கி.ரா.வைத் தொடர்ந்து பெருமாள்முருகன் கொங்கு வட்டாரத்துக்கும் (2000), கண்மணி குணசேகரன் நடுநாட்டுக்கும் (2007) அகராதி செய்தார்கள். மூன்றையும் ஒரே இடத்தில் தேடும்படி செய்தால், ஒரு பொருளுக்கு எந்த ஊரில் என்ன பேர் என்று ஒரே நொடியில் பார்க்கலாம். தொழில்நுட்பமாகப் பார்த்தால் சில வார வேலை. உரிமை வாங்குவதும் பிழை திருத்துவதும்தான் வருஷக் கணக்கில் இழுக்கும்.

மூன்று. சங்கரன்கோவிலின் விசைத்தறி நாவல். கைத்தறிக்காரர்களின் பஞ்சத்தைத் தொ.மு.சி. ரகுநாதன் 'பஞ்சும் பசியும்' (1953) என்று எழுதினார். கும்பகோணத்துச் சௌராஷ்டிர நெசவாளர்களுக்கு எம்.வி. வெங்கட்ராமின் 'வேள்வித்தீ' இருக்கிறது. திருப்பூர்ச் சாயத்துக்குச் சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' (1998) இருக்கிறது. நம்ம ஊரில் ஆடித்தபசுக்கு வருகிற கூட்டம் எல்லோருக்கும் தெரியும். வருஷம் பூராவும் ஓடுகிற தறிச் சத்தம்தான் ஊரின் நிஜமான நாடித்துடிப்பு. கூலி உயர்வு கேட்டுத் தறி நிற்கிற நாளில் தெரு எவ்வளவு அமைதியாகிவிடும் என்று தெரிந்த ஒருவர் எழுத வேண்டும். கரிசல் இலக்கியம் இதுவரை புஞ்சையைத்தான் அதிகம் பார்த்தது. அந்தப் புஞ்சையில் விளைந்த பருத்தி நூலாகித் துணியாகிற இடத்துக்கு அது இனிமேல் வர வேண்டும்.

கடைசியாக, எங்கே ஆரம்பிப்பது என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வரிசை: வெக்கை, கோபல்ல கிராமம், பிறகு, சூல், கூகை, அஞ்ஞாடி. சின்னதிலிருந்து பெரிதுக்குப் போகிறோம் என்பதற்காக மட்டும் இந்த வரிசை இல்லை. ஒவ்வொன்றும் அதற்கு முந்தியது விட்டதை எடுத்துப் பேசும். ஆறும் முடித்தபிறகு, யார் சொன்ன பழங்காலம் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதோடு ஒத்துப்போகிறது, எங்கே இடிக்கிறது என்று எழுதுங்கள். இடிக்கிற இடங்கள்தான் எனக்கு முக்கியம்.