தண்ணீரைத் தொடாத குதிகால்

பாரிஸின் சென்ட் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்புறம் ஹென்றி கார்டியர் பிரெஸ்ஸான் 1932இல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தில் பெரிதாக எதுவும் நடப்பதில்லை. நீர் தேங்கிய திடல். அதில் கிடக்கும் ஏணி. ஏணியின் முனையிலிருந்து வலப்பக்கம் தாவும் ஒரு மனிதர். பின்னால் கம்பி வேலியும் சுவரொட்டிகளும், வேலியோரம் சும்மா நிற்கும் இன்னொருவரும், அதற்கும் அப்பால் மங்கலாகக் கட்டடங்களும்.

பார்வை முதலில் தாவுபவரின் குதிகாலுக்குப் போகிறது. அதற்கும் தண்ணீருக்கும் நடுவே மயிரிழை இடைவெளிதான். அவர் உருவம் வேகத்தில் கலங்கி, வெறும் நிழலுருவாகத் தெரிகிறது; முகம் தெரியவில்லை. ஏணியைச் சுற்றி விரியும் சிற்றலைகள் அவர் எங்கிருந்து கிளம்பினார் என்பதைச் சொல்லிவிடுகின்றன. எதிரே நீர் இன்னும் கலையாமல் கிடக்கிறது.

அடுத்துத் தெரிவது, எல்லாமே இரண்டிரண்டாக இருப்பது. தாவும் உருவத்துக்குக் கீழே அதன் தலைகீழ்ப் பிம்பம், வேலிக்கும் அப்படியே. பின்னாலுள்ள சுவரொட்டியில் ஒரு நடனமணி எதிர்த்திசையில் துள்ளுகிறார். நீரில் கிடக்கும் உடைந்த வளையங்களின் வளைவை அலைகளும் வரைகின்றன. ஓவியர் ஆந்த்ரே லோத்திடம் பயின்றவர் பிரெஸ்ஸான். வடிவக் கணக்கு அவர் கண்ணில் ஊறியிருந்தது. ஆனால் இங்கே எதையும் அவர் எடுத்து அடுக்கவில்லை. தன் முன்னிருந்த பலகை வேலியின் இடுக்கில் லைக்கா கேமராவை வைத்து எடுத்த படம் இது. எடுத்த படத்தின் ஓரங்களை வெட்டுவதை அவர் விரும்பாதவர்; ஆனால் லென்ஸை மறைத்த பலகை இடப்பக்கம் விழுந்துவிட்டதால் இதை விதிவிலக்காக வெட்ட வேண்டியதாயிற்று.

மனநிலை ஒளியிலிருந்து பிறக்கிறது. வானம் வெளுத்துக் கிடக்கிறது. அழுத்தமான நிழல் எங்கும் இல்லை. தூரத்துக் கட்டடங்கள் மூட்டத்தில் கரைகின்றன. இந்தச் சோர்வை நடனமணியின் துள்ளல் குறும்பாக மாற்றுகிறது: அவருடையது மேடைக்குரிய நளினம், இவருடையது செருப்பு நனையாமல் தப்பிக்கப் பார்க்கும் அவசரம். வேலியோரம் நிற்பவரின் அசைவின்மை அந்த அவசரத்தை இன்னும் கூட்டிக் காட்டுகிறது. சோர்வு, சிரிப்பு இரண்டில் எதையும் மற்றது விழுங்கிவிடவில்லை.

1952இல் பிரெஸ்ஸானின் நூல் ஆங்கிலத்தில் ‘தி டெசிசிவ் மொமெண்ட்’ என்ற தலைப்பில் வந்தது. அன்றுமுதல் ‘தீர்மானமான கணம்’ என்றாலே பலரும் இந்தப் படத்தைத்தான் சுட்டுகிறார்கள். கணம் என்பதைச் சம்பவத்தின் உச்சம் என்று எடுத்துக்கொண்டால் படம் பிடிபடாது. ஒருவர் குட்டையைத் தாண்டுவதில் உச்சம் என்று என்ன இருக்கிறது? இங்கே கணத்தைத் தீர்மானிப்பது வடிவம். குதிகால் நீரில் பட்டால் பிம்பம் சிதறும். பிம்பம் சிதறினால் இரட்டைகளின் ஒழுங்கும் போய்விடும். நீர் கலையாதிருக்கும் வரைதான் அந்தத் தாவலுக்கு அழகு. பயனற்ற ஒரு செயல் அதுவரை முழுமையாக நிற்கிறது.