ஒரு சென்டிமீட்டர் தசைநாண்

ஓபன்சிம் மென்பொருளில் எலும்புக்கூடு நடப்பதை யாரும் வேடிக்கை பார்க்கலாம். எனக்குப் பிடித்தது அது நடப்பதற்கு முந்தைய வேலை. ஒவ்வொரு தசையின் எண்களையும் திறந்து, தொட்டுத் தொட்டுத் திருத்துவது. 2007-இல் ஸ்டான்ஃபோர்டின் ஸ்காட் டெல்ப் குழு கொண்டுவந்த இந்த மென்பொருளின் பிரபலமான கால் மாதிரி ஒன்றில் மட்டும் 92 தசைக் கோடுகள் ஓடுகின்றன.

ஒரு தசைக்கு முக்கியமான எண்கள் நான்கு: உச்ச விசை, இழையின் உகந்த நீளம், இழை சாய்ந்திருக்கும் கோணம், தசைநாணின் தளர்வு நீளம். கைத்திறன் தெரிவது கடைசி எண்ணில்தான். தசைநாண் விறைக்கத் தொடங்கும் இடத்தில் அதற்கு எவ்வளவு நீளம் என்பதே அது. மற்ற மூன்றுக்கும் பிணத்தை அறுத்து அளந்த கணக்காவது கையில் இருக்கும். இதை நேராக அளப்பது அரிது. மூட்டு எந்தக் கோணத்தில் பலமாக இழுக்கிறது என்று பார்த்து, அங்கிருந்து பின்னோக்கி வர வேண்டும்.

கெண்டைக்காலின் உள்ளே இருக்கும் சோலியஸைப் பாருங்கள். அந்த மாதிரியில் அதன் இழை 5 செ.மீ., தசைநாண் 25 செ.மீ., உச்ச விசை 3549 நியூட்டன். தசைநாணில் 1 செ.மீ. பிசகினால் இழை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இடம் மாறிவிடும். தொடையைக் குறுக்கே கடக்கும் சார்டோரியஸோ அதே 1 செ.மீ.யைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது; அதன் இழை 40 செ.மீ.க்கும் மேல். (1938-இல் உடலியலாளர் ஏ.வி. ஹில், தசையின் விசையையும் சுருங்கும் வேகத்தையும் இணைக்கும் தம் புகழ்பெற்ற சமன்பாட்டுக்கு வந்தது தவளையின் சார்டோரியஸை வைத்து. இன்று கணினியில் நடக்கும் மனிதனுக்குள்ளும் அந்தத் தவளை இருக்கிறது.)

பழகாத கை, விசை போதாதென்றால் உச்ச விசையை இரட்டிப்பாக்கிவிடும். குழம்பில் எது குறைவென்று தெரியாமல் காரத்தை அள்ளிப் போடுகிற கதை. சில நேரம் அதிலும் நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2009-இல் வெளிவந்த பேர்போன கால்தசை அளவுகள், சராசரி வயது 83 உள்ள 21 உடல்களிலிருந்து எடுத்தவை. இருபது வயது ஓட்டக்காரருக்கு அந்தப் பலம் எப்படிப் போதும்?

தேர்ந்த கை ஒன்றை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். திரையில் கணுக்கால் கோணத்தோடு மாறும் விசைக் கோடு. சோலியஸ் தசைநாணின் 0.25 மீட்டரை 0.245 ஆக்கினார். கோட்டின் முகடு நுனிக்கால் பக்கம் சரிந்தது. பாதத்தை மேலே மடக்கும் ஓரத்தில், தசை தூங்கும்போதும் இழுக்கும் செயலற்ற விசை முன்னதாகவே தலைதூக்கியது. உதட்டைப் பிதுக்கினார். 0.248 என்று அடித்தார். முகடு வந்து உட்கார்ந்தது.

சேமித்துவிட்டுப் பக்கத்திலுள்ள காஸ்ட்ரோக்னீமியஸைத் திறந்தார். அது முழங்காலையும் தாண்டிப் போகிற தசை. நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.