கிண்ணத்தில் ஊற்றும் சிமென்ட்

மார்பகத்திலோ புராஸ்டேட்டிலோ தொடங்கிய புற்று, தொடை எலும்பின் தலை உருளும் இடுப்புக் கிண்ணம்வரை பரவுவதுண்டு. சேலம், நாமக்கல் பக்கம் அந்த வலிக்கு முதலில் வைக்கும் பெயர் வாயுப் பிடிப்பு. லாரி ஓட்டுபவர் என்றால் தேய்மானம். எண்ணெயும் ஊசியுமாக மாதங்கள் ஓடியபின் படம் எடுத்தால், கிண்ணத்தின் கூரையே கரைந்திருக்கும்.

இந்த நிலைக்கு அமெரிக்க மருத்துவர் கெவின் ஹாரிங்டன் 1981-ல் ஒரு வழி எழுதினார். அரித்த பகுதியைச் சுரண்டிவிட்டு, மேலே உறுதியாக உள்ள இடுப்பெலும்புக்குள் எஃகுக் கம்பிகளைச் செலுத்தி, எலும்பு சிமென்டை நிரப்பி, செயற்கைக் கிண்ணத்தைப் பதிக்க வேண்டும். கம்பி கட்டிக் கான்கிரீட் போடும் கொத்தனாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புற்று தின்ற எலும்பு எளிதில் கூடாது; சிமென்டோ கால் மணி நேரத்தில் இறுகிவிடும். படுத்த படுக்கையானவர் சில நாளில் காலூன்றலாம். இந்தச் சிகிச்சையின் பெரிய பலம் அதுதான்.

ஆனால் இது பெரிய அறுவை. சிறுநீரக, தைராய்டுப் புற்று என்றால் ரத்தம் பெருகும். முன்னதாகவே ரத்தக்குழாயை அடைத்துக்கொள்வது வழக்கம். ஏற்கெனவே கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்த தோலில் புண் ஆறாமல் இழுத்தால் கீமோவும் தள்ளிப்போகும். மருத்துவர் 'நடப்பார்' என்கிறார். குடும்பம் அதைப் 'பிழைப்பார்' என்று கேட்டுக்கொண்டு காட்டை விற்கிறது. ஆறுவதற்கே ஆறேழு வாரம் பிடிக்கும். இரண்டு மூன்று மாதமே தாங்கக்கூடியவருக்கு அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஒரே தடவையில் 8 கிரே கதிர்வீச்சு பலருக்கு வலியைத் தணிக்கும், சில வாரம் பிடித்தாலும். ஊசி வழியே சிமென்ட் செலுத்தும் முறையும் உண்டு. கிண்ணத்தின் வெளிச்சுவர் உடைந்தபின் அது மட்டும் போதாது. 2021-ல் வந்த தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வலித்தணிப்பை வீட்டுக்கே கொண்டுவருகிறது.

அறுவையின் பலனை அளக்கும் எம்.எஸ்.டி.எஸ். மதிப்பெண் முறை வலி, நடை, ஊன்றுகோல், மனநிறைவு எல்லாம் கேட்கிறது. குந்த முடிகிறதா என்று கேட்பதில்லை. செயற்கை மூட்டு நழுவக்கூடும் என்பதால் குந்தாதே, சம்மணம் போடாதே என்றுதான் பொதுவாகச் சொல்லி அனுப்புகிறார்கள். ஆத்தூர்ப் பக்கக் காட்டு வீட்டில் நடந்து கழிப்பறைவரை போன அம்மா, அங்கே தரையோடு பதித்த பீங்கானைப் பார்த்து நிற்க வேண்டியதுதான். தேதி குறிக்கும் முன்பே, வீட்டில் என்ன கழிப்பறை என்று எத்தனை பேர் கேட்கிறார்கள்?